பொருத்தம் பார்க்கிற வேலை

ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் தீப்பெட்டி ஆபீசின் வெப்சைட்டைத் திறந்தேன். வழக்கமாக வருகிற மஞ்சள் பெட்டியும் சிவப்புக் குச்சியும் வரவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் எனக்குத் தெரியாத ஏதோ பாஷையில் இரண்டு வரி, அதற்குக் கீழே ஒரு மண்டையோட்டுப் படம். யாரோ, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, உள்ளே புகுந்து முகப்பை மாற்றி வைத்திருந்தார்கள்.

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. குச்சி அடுக்குகிறவளும், பெட்டி ஒட்டுகிறவளும், கணக்கு எழுதுகிறவரும் எல்லோரும் போவது ஆபீசுக்குத்தான். நானும் அப்படி ஓர் ஆபீசில்தான் இருந்தேன். சென்னையில் வெப்சைட் செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அப்பா திடீரென்று தவறிப்போன பிறகு அம்மா தனியாகிவிட்டாள். அண்ணன் பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தான். அம்மா ஊரை விட்டு வர மாட்டேன் என்றாள். நான் திரும்பி வந்தேன். வந்த இடத்தில் முதலாளி அண்ணாச்சி ஏற்றுமதி செய்ய ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் வாங்குகிறவன் முதலில் கேட்பது வெப்சைட்டைத்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மாடியில் லேபிள் கட்டுகள் அடுக்கியிருந்த அறையில் பாதியை ஒழித்து, ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டுக் கொடுத்தார்.

அந்த அறையின் ஜன்னலை நான் திறப்பதே இல்லை. திறந்தால் கரிசல் காட்டுப் பக்கமிருந்து கறுப்புப் பொடி வந்து கீபோர்டில் படியும். மூடினால் கீழே இருந்து மெழுகும் தீக்குச்சி மருந்தும் கலந்த வாடை. காலையில் ஏறிப் போனால் சாயங்காலம்தான் இறங்குவேன். இடையில் யாரும் மேலே வருவதில்லை. லேபிள் கட்டு எடுக்க வருகிறவர் மட்டும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் வருகிற மாதிரி வந்து, எடுத்துக்கொண்டு போவார்.

அந்தக் கறுப்புத் திரையைப் பற்றி யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு, எடுத்து வைத்திருந்த நகலை ஏற்றிப் பழையபடி கொண்டுவந்துவிட்டு, கீழே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மெழுகு வந்த லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும்மா செஞ்சது?"

"தெரியல அண்ணாச்சி. நம்ம சைட்டு ஓடுற சாப்ட்வேர் பழசாயிட்டு. அதுல இருந்த ஓட்டை வழியா வந்திருக்காங்க."

"நம்மகிட்ட என்ன இருக்குன்னு வந்தான்?"

"ஒண்ணும் எடுக்கல. சும்மா எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. நான் சரி பண்ணிட்டேன். ஆனா புது வெர்ஷனுக்கு மாத்தலேன்னா திரும்ப வருவாங்க."

"அப்ப மாத்து."

"மாத்துனா இப்ப இருக்கிறதுல சிலது வேலை செய்யாமப் போயிரும்."

"அப்ப மாத்தாத."

கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, "எது சரின்னு ஒனக்குத் தெரியுதோ அதச் செய்யி தாயி. எனக்கு அந்த விசாரணை மட்டும் நிக்காம வரணும்" என்றார்.

விசாரணை என்று அவர் சொன்னது எங்கள் சைட்டில் இருந்த ஒரு படிவத்தை. ஆப்பிரிக்காவிலோ அரபு நாட்டிலோ இருக்கிற வியாபாரி அதைத் திறந்து, குச்சி எவ்வளவு நீளம், பெட்டி எந்த அளவு, லேபிளில் என்ன படம் என்று குறித்து அனுப்பினால், அது எனக்கு மெயிலாக வரும். நான் அச்சடித்து அவர் மேசையில் வைப்பேன். அந்தக் காகிதத்தை அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

எங்கள் சைட், இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளின் மேல் நின்றது. பக்கம் எழுதவும் படம் போடவும் அது போதும். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால், உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்திருக்கிற பிளக்-இன் என்ற சிறு துண்டுகளை எடுத்து அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். விசாரணைப் படிவம் அப்படி மாட்டியதுதான். மென்பொருளின் புது வெர்ஷனோ அடியோடு மாறியிருந்தது. பழையதில் ஓடிய பிளக்-இன் புதியதில் ஓடுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

சைட்டின் நகல் ஒன்றை என் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, அதைப் புது வெர்ஷனுக்கு மாற்றி, ஒவ்வொரு பிளக்-இன்னாக மாட்டிப் பார்த்தேன். படங்களை வரிசையாகக் காட்டுகிற துண்டுக்குப் புதிது வந்திருந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிச் சொல்கிற துண்டை எழுதியவர் அதைக் கைவிட்டிருந்தார். அது போனால் போகட்டும் என்று விட்டேன். விசாரணைப் படிவத்தை மாட்டியதும் பக்கம் வெள்ளையாகிவிட்டது. பிழைச் செய்தி கூட இல்லை. வெறும் வெள்ளை. கழற்றினால் சைட் வரும், மாட்டினால் போகும்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கணக்குப் பிள்ளைகள் கீழே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் எல்லோரும் ஆண்கள். குச்சி அடுக்குகிற பெண்கள் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொள்வார்கள். சேர்ந்த புதிதில் ஒருநாள் நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனேன். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி தன் முந்தானையால் தரையைத் துடைத்தாள். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு பேச்சு மறுபடி தொடங்கியது, படியேறும்போது என் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து மாடியிலேயே சாப்பிட்டேன்.

வீட்டில் அம்மா டிவி முன்னால் இருப்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, என்னத்தப் போட்டு இப்படி யோசிக்க? ஆபீஸ்ல என்ன வேலை இப்ப?"

"பொருத்தம் பாக்குதேன்."

"யாருக்கு?"

"புதுசுக்கும் பழசுக்கும். ரெண்டும் ஒத்துப்போவுதான்னு பாக்கணும்."

"ஒத்துப்போவலேன்னா?"

"வெள்ளையாப் போயிரும்."

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். நான் ஏதோ என் கல்யாணத்தைப் பற்றித்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "அடுத்த வாரம் ஒரு எடத்துல சொல்லியிருக்காவ. வாறவியகிட்ட வெடுக்குனு பேசாம இரி" என்றாள். அந்த இடமும் வந்து போனது. அது வேறு கதை.

படிவத்தை எழுதியவருக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கிற மன்றத்தில் போய்ப் பார்த்தேன். என்னைப் போலவே பலர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு நாய்ப் பள்ளிக்காரர், ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஏதோ தீவில் படகு வாடகைக்கு விடுகிறவர். எல்லோருக்கும் அதே வெள்ளைப் பக்கம். எல்லோரும் கேள்விதான் போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. அவர்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. ஆனாலும் நான் என்ன சொல்கிறேன் என்பது இந்த உலகத்தில் அவர்களுக்குத்தான் புரியும்.

வேறு வழி இல்லாமல் படிவத்தின் உள்ளே இருந்த நிரலைத் திறந்தேன். சென்னையில் இருந்தபோது கொஞ்சம் எழுதிப் பழக்கம் உண்டு, பெரிய கெட்டி இல்லை. பிழைகளைத் திரையில் காட்டும்படி அமைப்பை மாற்றினேன். எந்த வரியில் நிற்கிறது என்று தெரிந்தது. பழைய வெர்ஷனில் ஒரு பெயரில் அழைத்ததைப் புது வெர்ஷனில் வேறு பெயரில் அழைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது முந்நூறு இடத்தில் இருப்பது போல இருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்த வரியில் நிற்கும். அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது. தண்ணீர் வருகிற நாளில் அம்மா போன் பண்ணுவாள், "வந்துட்டு, சீக்கிரம் வா" என்று. ஓடிப்போய்க் குடம் பிடித்து வைத்துவிட்டு மறுபடி வந்து உட்காருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் படிவம் திறந்தது. குச்சி நீளம், பெட்டி அளவு, லேபிள் படம் எல்லாம் வந்து நின்றன. நானே ஒரு வியாபாரியைப் போல நிரப்பி அனுப்பினேன். மெயில் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். கீழே இறங்கிப் போய், "அண்ணாச்சி, விசாரணை வேலை செய்யுது" என்றேன். "எப்பவும் செய்யுதுதான?" என்றார் அவர்.

திருத்தியதை அந்த மன்றத்தில் போட்டேன். அங்கே எனக்கு வைத்திருந்த பெயர் கறுப்பு மண் என்று பொருள் வருகிற ஓர் ஆங்கிலச் சொல். ஆணா பெண்ணா, எந்த நாடு என்று எதுவும் அதில் தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்தால் நாய்ப் பள்ளிக்காரர் நன்றி எழுதியிருந்தார். ரொட்டிக்கடைக்காரருக்கும் வேலை செய்துவிட்டது. படகுக்காரர் மட்டும் தனக்கு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது என்றார். அவருக்காக இரண்டு நாள் உட்கார்ந்து, அதையும் கண்டுபிடித்தேன். கொஞ்ச நாள் கழித்து, படிவத்தை முதலில் எழுதியவரிடமிருந்தே ஒரு மெயில். தான் வேறு வேலைக்குப் போய்விட்டதாகவும், இதைப் பார்க்க நேரம் இல்லை என்றும், விருப்பமிருந்தால் இனி நானே வைத்து நடத்தலாம் என்றும் நாலு வரி. சரி என்று எழுதினேன்.

அப்படித்தான் அந்தப் படிவம் என்னுடையதாயிற்று. உலகத்தில் யார் யாருடைய சைட்டிலோ அது ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லவும் முயன்றேன், ஒருமுறை அண்ணனிடம் போனில். "அதுக்கு அவன் என்ன தாரான்?" என்று கேட்டான். இல்லை, சும்மாதான் என்றேன். "ஒனக்கு வேற வேலை இல்ல" என்றான். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மாடியறைக்குப் போய், முதலாளியின் வேலையை முடித்துவிட்டு, யாரோ தூர தேசத்து ஆட்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன். அவர்கள் 'மதிப்புக்குரிய ஐயா' என்பார்கள். நானும் திருத்த மாட்டேன். சில நாள், காலையில் அம்மாவிடம் பேசியதற்கும் சாயங்காலம் அம்மாவிடம் பேசுவதற்கும் நடுவில் என் வாயிலிருந்து ஒரு சொல் கூட வந்திருக்காது. விரல்தான் பேசியிருக்கும்.

அந்தக் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. படிவத்தில் ஒரு போன் நம்பர்தான் கொடுக்க முடிகிறது, இரண்டு கொடுக்க வழி உண்டா என்று. அதைக் கேட்டவர் நல்ல பொறுமைசாலி. நான் சொன்னதை அப்படியே செய்து பார்த்து, என்ன ஆனது என்று அடுத்த நாள் ஒழுங்காக எழுதுவார். ஆங்கிலம் என்னுடையதைப் போலவே இருந்தது, பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம் மாதிரி. 'டியர் சார்' என்று தொடங்கி 'தேங்க்கிங் யூ சார்' என்று முடியும். நானும் 'டியர் சார்' என்றே பதில் எழுதினேன். வாரக்கணக்கில் இரண்டு சார்களும் எழுதிக்கொண்டோம்.

ஒரு நாள் மத்தியானம் அவர் எழுதினார்: 'சார், இப்போது எங்களுக்குக் கரண்ட் போகும். வந்த பிறகு பார்த்துச் சொல்கிறேன்.' ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், ஆனால் பவர் என்று எழுதாமல், நம்மூரில் சொல்கிற மாதிரி கரண்ட் என்றே எழுதியிருந்தார். வெளிநாட்டுக்காரன் அப்படி எழுத மாட்டான். நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என் தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டரும் அணைந்தது. அந்த வருஷங்களில் எங்களுக்குத் தினமும் அந்த நேரத்தில்தான் கரண்ட் போகும்.

கரண்ட் வந்ததும், 'உங்கள் சைட் முகவரியைக் கொடுங்கள், நேரில் பார்த்தால் சுலபம்' என்று எழுதினேன். கொடுத்தார். திறந்தேன். காற்றாலை பழுது பார்க்கிற ஒரு நிறுவனம். பெரிய பெரிய வெள்ளைக் கோபுரங்களின் படம். பக்கத்தின் அடியில் முகவரி: கயத்தாறு. பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்க வேண்டிய ஊர்.

முகவரியின் கீழே நம்பர் இருந்தது. மாடியறையில் இருந்த ஆபீஸ் போனை எடுத்து அடித்தேன். ஒரு பெண் குரல்.

"அங்கன வெப்சைட் பாக்கிறது யாருங்க?"

"நான்தான். நீங்க எங்கருந்து பேசுதீங்க?"

"கோவில்பட்டிலருந்து. நீங்க தினமும் சார் சார்னு எழுதுதீங்களே. அந்த சார் நான்தான்."

அவளுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பொம்பளையாளாக்கா?"

"ஆமா."

"நானும்தான்" என்றாள், எனக்குக் கேட்கவில்லையோ என்கிற மாதிரி. பிறகு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு, தமிழில் அந்தப் படிவத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அதுவரை அதை யாரிடமும் தமிழில் பேசியதில்லையே.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை உண்டு, எனக்கு லீவு. அம்மாவிடம் சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். "ஒனக்கு எந்த சிநேகிதி?" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். ஆடிக் காற்று. ரோட்டின் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், அதற்கப்பால் காற்றாலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் ஆபீஸ் ஹைவேயை ஒட்டி, லாரிகள் நிற்கிற ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அடுத்து இருந்தது. ஒல்லியாக, என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக ஒரு பெண் வாசலிலேயே நின்றாள். "அக்கா, வயசான ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். சொந்த ஊர் நாகலாபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு மானாவாரியில் உளுந்தும் மிளகாயும். கயத்தாற்றில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வருகிறாள். காற்றாலை நின்றுபோனால் அதன் உரிமையாளர்கள் சைட்டில் புகார் கொடுக்க வேண்டும். அவர்கள் எல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்காரர்கள், ஒரு நம்பரில் கிடைக்க மாட்டார்கள், அதனால்தான் இரண்டு நம்பர்.

பக்கத்துக் கடையில் சொல்லி வடையும் டீயும் வரவழைத்தாள். அவள் திரையில் என் படிவம் ஓடுவதைப் பார்த்தேன். வேறு ஒருவருடைய மேசையில் அது இருப்பதை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

"இங்க ஆம்பளையாளு எல்லாம் காலைலேயே டவர் ஏறப் போயிருவாவ" என்றாள். "அப்புறம் நான் ஒத்தையிலதான். போன் வந்தாத்தான் வாயத் தெறக்கணும்."

"எனக்கு அந்தப் போனும் வராது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். வெளியே காற்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள், "எழுத்தப் பெருசாக்கிறது எங்கக்கா?" என்று கேட்டாள், நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் கடைசி வெயிலில்தான் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தது. மென்பொருளின் புது வெர்ஷன் வரும் போதெல்லாம் அவள் அங்கே ஒரு நகலில் ஏற்றுவாள், நான் இங்கே ஒரு நகலில் ஏற்றுவேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே பார்ப்போம்.

"அக்கா, எனக்கு வெள்ளப் பக்கம்."

"எந்த வரியில நிக்கி?"

"இருங்க, படிக்கேன். அய்யோ, நான் பழசுல போயி மாட்டிருக்கேன்."

லேபிள் கட்டு எடுக்க வந்தவர் வாசலில் நின்று, "யாருட்டம்மா பேசுத, ஒரே சிரிப்பாணியா இருக்கு?" என்று கேட்டார். "வேலைதான் அண்ணாச்சி" என்றேன். எங்களுக்குள் சொந்தக் கதை அதிகம் கிடையாது. அவள் சித்தி வீட்டில் நடப்பது கொஞ்சம் எனக்குத் தெரியும். எனக்கு வந்து தட்டிப்போன இடங்கள் அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டு அவள் ஆறுதல் சொல்ல மாட்டாள்; அடுத்த பிளக்-இன்னுக்குப் போவாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் வேலைக்கு நடுவில் சொன்னாள், "அக்கா, எனக்குப் பேசி முடிச்சிட்டாவ." மாப்பிள்ளைக்கு நாசிக் பக்கம் மிக்சர் கடை.

"அங்க போயி இதப் பாப்பியா?"

"தெரியலக்கா. அவிய வீட்ல என்ன சொல்லுதாவளோ."

நான் சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷமும் இருந்தது. போனை வைத்த பிறகு திரையில் பாதியில் நின்ற வேலையைத் தொடர முடியவில்லை.

கல்யாணம் அவர்கள் கிராமத்தில். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பில் மண் அப்பிக் கனத்தது. பந்தலுக்குள் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். யாரையும் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கேட்டாள்.

"நீ யாரு தாயி? பொண்ணுக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பாத்தேன்."

"கயத்தாத்துலயா?"

"இல்ல. நான் கோவில்பட்டி."

"அவ கயத்தாத்துலல்லா பாத்தா?"

அவளுக்கு நான் என்ன என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. வேறு ஒருத்தி, "கம்ப்யூட்டர் டீச்சரா இருக்கும்" என்றாள். அப்படியே வைத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு இலை போடச் சொல்லு என்று ஒரு குரல் கேட்டது. நானும் டீச்சராகவே சாப்பிட்டேன்.

மேடைக்குப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையிடம், "அந்த சார்னு சொல்லுவேன்லா, இவியதான்" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் எழுந்து கும்பிட்டார். போட்டோக்காரர் அடுத்த ஆளை வரச் சொன்னார். இறங்கிவிட்டேன்.

அவள் நாசிக் போன புதிதில் இரண்டு மெயில் வந்தன. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன் என்றாள். அதன் பிறகு இல்லை. அவள் இடத்துக்கு வந்த பையன் சைட்டையே வேறு கம்பெனியிடம் கொடுத்துவிட்டான். அடுத்த வெர்ஷன் வந்தது. வழக்கம் போல ஒரு நகலில் ஏற்றி, படிவத்தை மாட்டினேன். திறந்தது. 'எனக்கு வந்துட்டு, உனக்கு?' என்று அவள் முகவரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் அவளிடம் இப்போது எந்தச் சைட்டும் இல்லை என்பது உறைத்தது.

அந்த மாடியறை அதற்கு முன்னாலும் அதே அறைதான். அதே வாடை, அதே மூடிய ஜன்னல். முதல் வருஷங்களில் அதைத் தனிமை என்று நான் நினைத்ததே இல்லை, வேலை அப்படித்தான் என்று இருந்தேன். இப்போது போன் அடிக்காமல் இருப்பது எனக்குக் கேட்டது. கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதினேன். 'டியர் சார்' என்று வரும்போதெல்லாம் முகவரியை ஒருதரம் பார்ப்பேன். எல்லாம் தூரத்து ஊர்கள்.

சில வருஷங்கள் கழித்து, அந்த மென்பொருளே தன்னோடு ஒரு படிவத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தது. என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. என் படிவத்தின் பக்கத்தில், இனி இது தேவையில்லை, அதையே பயன்படுத்துங்கள் என்று எழுதிவிட்டு மூடினேன். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் நன்றி சொல்லியிருந்தார்.

அம்மா தவறிப்போன பிறகும் நான் அந்த ஆபீசில்தான் இருந்தேன். ஒருநாள் மத்தியானம் மாடியறைப் போன் அடித்தது.

"அக்கா, நான்தான்."

பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. யாரோ இந்தியில் விலை கேட்டார்கள். அவள் அவர்களுக்கு இந்தியில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"கடைக்கு ஒரு சைட்டு போடணும்ங்காவ. நான் போட்டுருவேன்னு சொல்லிட்டேன். விசாரணைக்கு நம்ம படிவத்த எங்கருந்து எறக்கணும்?"

"இப்ப அது வேண்டாம். உள்ளேயே சேந்து வந்திருது. மாட்டவே வேண்டாம்."

"பொருத்தம் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்ப நமக்கு வேலையே இல்லியாக்கா?"

"இல்ல" என்றேன். பிறகு, "வெர்ஷன் மாறும்போது கூப்பிடு. சேந்து பாப்போம்" என்றேன்.

"சரிக்கா. பிள்ள அழுவுதான், வைக்கட்டுமா?" என்றாள்.

அன்று அவள் கொடுத்த நம்பர் என்னிடம் இருக்கிறது. அவள் கூப்பிடவில்லை. கடையில் கூட்டம் இல்லாத நேரம் எது என்று கேட்டு வைத்துக்கொள்ள அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அதனால் நானும் கூப்பிடாமல் இருக்கிறேன்.